மோட்டார் எரிய வேண்டுமா? இப்படிக் கான்டாக்டர் வாங்குங்கள்

திருமானூர்ப் பக்கம் கொள்ளிடக்கரையில் போர் போட்டு, ஏழரை ஹெச்பி மோட்டார் இறக்கியிருக்கிறீர்கள். விவசாயக் கரண்டோ 1990லிருந்து இலவசம். பிறகு எதில்தான் செலவு செய்வது? மோட்டாரை எரியுங்கள். பழகிய வேலைதான், முறையாகச் செய்யுங்கள்.

1. கடையில் பெரிய எண்ணை மட்டும் படியுங்கள். 9 ஆம்பியர் கான்டாக்டரிலேயே ஏசி-1 என்று 25 போட்டிருக்கும். அது ஹீட்டர் வகையறாவுக்கு. மோட்டாருக்கு ஏசி-3 வரிதான். அங்கேதான் அந்த 9. உங்கள் மோட்டார் ஓடும்போதே 12, 13 இழுக்கும். கிளம்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு. ஏசி-3 வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "இருபத்தஞ்சு போதும்ண்ணே, குடுங்க" என்று சொல்லுங்கள்.

2. காயில் எத்தனை வோல்ட் என்று கேட்காதீர்கள். 240 காயிலை இரண்டு ஃபேஸுக்கு நடுவில் கட்டினால் உடனே நாற்றம் வரும், சீக்கிரம் முடிந்துவிடும். 415 காயிலை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் கட்டிப் பாருங்கள்: கிர்ரென்று இரையும், இழுத்தும் இழுக்காமலும் துடிக்கும், முனைகளில் பொறி பறக்கும். அதிர்ஷ்டமிருந்தால் முனைகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஸ்டாப் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் மோட்டார் நிற்காது.

3. சரியான காயிலே மாட்டிவிட்டதா? கவலை வேண்டாம். அது இரண்டு ஃபேஸில்தான் தொங்குகிறது. மூன்றாவது ஃபேஸ் போனால் கான்டாக்டருக்குத் தெரியவே தெரியாது. மோட்டார் முனகிக்கொண்டே சூடாகும். இதைக் கெடுக்க வருவது சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர். கழற்றி வீசுங்கள். "அடிக்கடி ட்ரிப் ஆவுது" என்று காரணம் சொல்லுங்கள். ஃபேஸ் அடிக்கடி போவதால்தான் ட்ரிப் ஆகிறது என்று யாராவது ஆரம்பித்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

4. ஓவர்லோடு ரிலே டயலைக் கடைசி எண்ணுக்குத் திருப்புங்கள். அப்படியும் தட்டினால், 95, 96 என்ற இரண்டு திருகையும் துண்டுக் கம்பியால் இணைத்துவிடுங்கள்.

5. ஸ்டார்-டெல்டா வைத்திருப்பவர்கள் இன்டர்லாக்கைப் பிடுங்கினாலே போதும். வெடிச்சத்தமும் சேர்ந்து வரும்.

6. எதுவும் பலிக்காவிட்டால் விளக்குமாற்றுக் குச்சி. கான்டாக்டரை அமுக்கிச் செருகிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். கரண்ட் போய் வந்தால் மோட்டார் தானாகக் கிளம்பக் கூடாது என்றுதான் கான்டாக்டரில் 13, 14 என்ற முனைகளை வைத்திருக்கிறார்கள். அந்தத் தொல்லை இனி இல்லை. நடுராத்திரி ஒன்றரை ஃபேஸில் கரண்ட் வரும்போது அது பாட்டுக்குக் கிளம்பும்.

மோட்டார் தூக்கும் ஆட்களிடம் மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள். நடவு நேரத்தில் கூப்பிட்டால் வரமாட்டார்கள்.