மூன்று கல், ஒரு சட்டி, ஏழு ஆலோசகர்: புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் வெளியடுப்பு பற்றாமை குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பொங்கலன்று வாசலில் மூட்டும் நெருப்பு முதல் தீக்குச்சியிலேயே பற்றிக்கொள்கிறது. அதே குடும்பம் அதே மூன்று கல்லைக் கொல்லையில் கூட்டி, தீபாவளிக்கு ஆட்டுக்கறிச் சட்டியை ஏற்றினால், தீப்பெட்டி காலியான பிறகும் சட்டி சில்லென்றே இருக்கிறது. இதற்கு வட்டாரத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் விளக்கம், "மாப்பிள்ளைக்கு ஒரு வேலையும் தெரியாது" என்பதே. அவ்விளக்கம் போதிய சான்றின்றி ஏற்கப்பட்டது என்று இவ்வாய்வு கருதுகிறது.

2. முன்னோர் கூற்று

சமைக்க மறந்த அடுப்பில் காளான் பூத்ததைப் புறநானூற்றின் 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் வறுமைக்கு அடையாளமாகக் காட்டினார். புக்கிட் மெர்தாஜாமில் காளான் பூக்க வறுமை வேண்டியதில்லை. ஒரு வாரம் அடைமழை பெய்தால் போதும். எனவே அச்சான்று இவ்வூருக்குப் பொருந்தாதென ஒதுக்கப்படுகிறது.

அடுத்தது செரோக் தோக்குன் பாறைக் கல்வெட்டு. இவ்வூர் மலையடிவாரத்தில், புனித அன்னம்மாள் பழைய ஆலய வளாகத்தில் இருக்கும் இந்தப் பழங்காலக் கல்வெட்டை 1845இல் ஜேம்ஸ் லோ கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். படித்தவர்கள் சொன்ன வரையில் விறகைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஈர விறகோடு மல்லுக்கட்டிய எவனுக்கும் கல்லில் எழுத நேரம் இருந்திருக்காது என்பதே இதிலிருந்து நாம் பெறும் ஒரே முடிவு.

3. மாப்பிள்ளை நிரபராதி

புக்கிட் மெர்தாஜாம் அடங்கிய பினாங்கு வட்டாரத்தில் ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட காலம். செப்டம்பரும் அக்டோபரும் மழை கொட்டும் மாதங்கள். பொங்கல் ஜனவரி நடுவில் வருகிறது. தீபாவளியோ அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள். ஆக, பொங்கல் நெருப்பின் பெருமை பற்றவைத்தவரைச் சேராது, பஞ்சாங்கத்தைச் சேரும்.

விறகுக்குள் நடப்பதையும் பார்க்க வேண்டும். கட்டை பற்ற ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் சூடு தேவை. ஆனால் கட்டையில் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 பாகையைத் தாண்டி ஏற மறுக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் சுமார் 2,260 கிலோஜூல் செலவாகிறது. அதாவது, நெருப்பு தண்ணீர் காய்ச்சத்தான் செய்கிறது. சட்டியில் இல்லை, கட்டைக்குள். தேநீருக்குக் காத்திருப்பவர்களுக்கு இந்த விளக்கம் ஆறுதல் தருவதில்லை.

4. ஆலோசகர் மரபுகள்

பற்றாத அடுப்பைச் சுற்றிக் கூடி யோசனை சொல்பவர்களிடையே களத்தில் மூன்று மரபுகள் தெளிவாகப் புலப்படுகின்றன.

முதலாவது, சாரணர் மரபு. பினாங்குக்குச் சாரணர் இயக்கம் 1908இல் வந்தது. பள்ளியில் அந்தச் சீருடை அணிந்த சித்தப்பாக்கள் சுள்ளியைக் கூம்பாக அடுக்குவார்கள். கூம்பு பார்க்க அழகாக இருக்கும். படம் எடுத்து முடிக்கும்வரை நிற்கும்.

இரண்டாவது, மண்ணெண்ணெய் மரபு. இவர்கள் அடுக்குவதில்லை, ஊற்றுவார்கள். தீ ஆளுயரம் எழும்பி, புருவத்தைத் தொட்டுவிட்டு, எண்ணெய் தீர்ந்ததும் அணையும். கட்டை நனைந்தபடியே கிடக்கும்.

மூன்றாவது, ஒட்டுப்பால் மரபு. தோட்டத்தில் பால் வெட்டியவர்களுடையது. வெட்டுக்காயத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் பாலை உரித்து, திரிபோல் கொளுத்துவது. தூறலிலும் எரியும், கரும்புகை கக்கும். அது எரிந்து தீர்வதற்குள் சட்டியை ஏற்றினால் குழம்பில் டயர் வாடை வரும்.

5. கள அவதானிப்பு

அதிகாலை. அடுப்பைச் சுற்றி ஏழு பேர் குத்தவைத்திருக்கிறார்கள்.

"மாமா, மேல கொஞ்சம் அடுக்குங்க."

"அடுக்காதடா தம்பி, மூச்சு முட்டும்."

"அண்ணே, விறகு ஈரம்லா! ஊதுங்க!"

ஊதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இடம் மாறுகிறார். புகையும் கூடவே மாறுகிறது. இதை விதி என்று நொந்துகொள்ள வேண்டாம். நெருப்பு நாலு பக்கமிருந்தும் காற்றை இழுக்கிறது. ஒரு பக்கத்தை ஆள் மறைத்தால் அங்கே காற்று வரத்து குறைந்து, புகை அவர் பக்கம் சாய்கிறது. ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்தால் நெருப்புக்கு மிஞ்சுவது அறிவுரை மட்டுமே.

தேநீர் வந்ததென்று எல்லாரும் எழுந்து போன இடைவெளியில் பாட்டி வந்தார். ரப்பர் கட்டை ஒன்றைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்தார். வெளியே கறுத்து ஊறியிருந்த கட்டை உள்ளே வெளிறிக் காய்ந்திருந்தது. அந்தச் சிம்புகளை மட்டும் எடுத்தார். ஈர மண்ணில் இரண்டு குச்சியைக் குறுக்கே போட்டு, அதன்மேல் தென்னம் பன்னாடையை உதிர்த்து வைத்தார். சிம்பு, சுள்ளி, சிரட்டை என்று வரிசையாக ஏற்றினார். மீதி ஈரக் கட்டைகளை அடுப்போரமாகச் சாய்த்து உலரவிட்டார். ஒரு குச்சி கிழித்தார். ஊதவே இல்லை. ஆலோசகர்கள் திரும்பியபோது மூன்று மரபும் அந்த வெற்றிக்கு உரிமை கோரின.

6. முடிவும் பரிந்துரையும்

வெளியடுப்பு பற்றாமைக்கு ஈரம் முதற்காரணம், ஆலோசகர் துணைக்காரணம். ஈரத்தைக் கத்தியால் தீர்க்கலாம். ஆலோசகரை அப்படித் தீர்க்கச் சட்டம் இடம் தராது. ஆகவே அடுப்புக்கு ஒருவரை மட்டும் நியமித்து, மற்ற அறுவரையும் தொலைவில் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு கிலோ சின்ன வெங்காயம் உரிக்கக் கொடுக்குமாறு இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. எப்படியும் கண் எரியத்தான் போகிறது, குழம்புக்காவது ஆகட்டும்.