ஐ-செவன் அண்ணன்

செகிஞ்சானிலிருந்து தஞ்சோங் காராங் தாண்டிக் கோல சிலாங்கூர் வரை எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இவர் ஒருவர் இருப்பார். பிழைப்புக்குச் செம்பனை ஆலையில் ஃபிட்டர் வேலை. கல்யாண வீட்டில் மற்றவர்கள் பந்திக்கு இடம் பிடிக்கும்போது, இவர் யாருடைய லேப்டாப்பையாவது மடியில் வாங்கி, "பிராசஸர் நம்பர் காட்டு தம்பி" என்பார்.

அந்த எண்ணின் கடைசி எழுத்தை ஜாதகக் கட்டம்போலப் பார்ப்பார். 4300-க்குப் பின்னால் 'எம்' என்றால் சாக்கெட்டில் உட்காரும் ரகம், கழற்றி மாற்றலாம். 'யு' என்றால் போர்டோடு பற்றவைத்தது. 'யு'காரர்களிடம் அண்ணன் அதற்குமேல் பேச்சு வளர்ப்பதில்லை.

அவருடையது 2013-இல் வந்த திங்க்பேட் டி440பி. அடிமூடியில் இரண்டே ஸ்க்ரூ. கழற்றினால் விசிறியும் பிராசஸரும் கைக்கெட்டும் இடத்தில். "ரெண்டே ஸ்க்ரூலா!" என்று அவர் சொல்லும்போது, பெற்ற பிள்ளை மருத்துவப் படிப்புக்கு இடம் வாங்கியதைக்கூட இத்தனை பூரிப்போடு சொன்னாரா என்று சந்தேகம் வரும். அதற்கடுத்த தலைமுறையிலிருந்து இன்டெல், லேப்டாப் பிராசஸர்களையெல்லாம் போர்டில் பற்றவைத்தே அனுப்ப ஆரம்பித்துவிட்டது. அண்ணன் இதைத் தன்மேல் தொடுத்த போராகவே எடுத்துக்கொண்டார்.

பழைய ஐ-செவன் 4800எம்க்யூ ஒன்று ஷோப்பியில் சிக்கியது. பார்சல் வந்த அன்று 900-க்கும் மேற்பட்ட ஊசிக்கால்களில் ஒன்றாவது வளைந்திருக்கிறதா என்று அம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சமையல் மேசையில் அறுவை நடந்தது. பழைய பசையைத் துடைத்து, சாக்கெட் ஸ்க்ரூவை அரைச்சுற்றுத் திருப்பி, ஐ-ஃபைவைத் தூக்கிவிட்டு ஐ-செவனை உட்கார வைத்தார். புதுப்பசை அரிசியளவு போதும் என்பது சாஸ்திரம். நெல் விளையும் ஊர் இல்லையா, எட்டிப் பார்த்த மச்சான் கேட்டேவிட்டார்: "எந்த அரிசி, பாஸ்மதியா பொன்னியா?"

ஓடியது. இரண்டு கோர் நான்காகிவிட்டது. 37 வாட் 47 ஆனதில் விசிறி போட்ட இரைச்சலில் ஹாலில் சீரியல் வசனம் கேட்கவில்லை. "ஏங்க, நெல்லு மிஷினா அது?" என்றார் அண்ணி. மாதக் கடைசியில் கோயில் உபயக் கணக்கை எக்செல்லில் போடுவது, இரவில் பழைய பாட்டுக் கேட்பது. நான்கு கோருக்கும் சேர்த்து அவ்வளவுதான் வேலை. வேகம் கூடியது உண்மைதான். ஆனால் அதே வாரம் மகன் சத்தமில்லாமல் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டியிருந்தான். புகழ் மட்டும் ஐ-செவனுக்குப் போனது. மகனும் வாயைத் திறக்கவில்லை, நல்ல பிள்ளை.

கிண்டல் இருக்கட்டும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பாடமெல்லாம் கூகுள் மீட்டுக்குப் போனபோது, அலமாரி மேலிருந்து இறங்கிய லேப்டாப்புகள் அண்ணன் வீட்டு வாசலுக்குத்தான் வந்தன. 1மலேசியா நெட்புக்குகளும் வந்தன. அவற்றில் இருந்த ஆட்டம் பிராசஸரோ பற்றவைத்தது. ஆனாலும் திருப்பி அனுப்பவில்லை. விசிறித் தூசியை ஊதினார், கிடைத்த ரேமைச் சொருகினார், காசு வாங்கவில்லை. அவர் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான் என்பேன். அவரோ அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பிராசஸர் மாற்றாத வேலை வேலையா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது. அண்ணனின் ஐ-செவன் நான்காம் தலைமுறை. அக்காள் மகன் இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னான்.

"அது சாஃப்ட்வேர் பிரச்சினைலா," என்றார் அண்ணன். "சூடுதான் இப்போ நம்ம பிரச்சினை." இரட்டைச் செம்புக்குழாய் வைத்த ஹீட்சிங்க் ஒன்று ஏற்கெனவே ஷோப்பி கூடையில் கிடக்கிறது. அண்ணிக்கு இன்னும் தெரியாது.