கொயோட்டிக்குச் செலவே கிடையாது

டெக்சாஸில் பத்து ஏக்கர் நிலம் வைத்திருக்கும் தமிழ் மென்பொருள் ஆசாமி யாராவது கண்ணில் பட்டால், அவரிடம் வெள்ளாடு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். ஆட்டின் மேல் பிரியமெல்லாம் இல்லை. விவசாய நிலம் என்று பதிவாகியிருந்தால் சொத்து வரி கணிசமாகக் குறையும். ஆடு மேய்ந்தால் அதுவும் விவசாயம்தான். என் பொள்ளாச்சி நண்பர் ஆஸ்டினுக்கு மேற்கே நிலம் வாங்கி ஆடு விட்டது இந்தக் கணக்கில்தான்.

ஆடு வரியைக் குறைத்தது. கொயோட்டி ஆட்டைக் குறைத்தது.

கொயோட்டி என்பது நம்மூர்க் குள்ளநரியைவிடச் சற்றுப் பெரிய, ஓநாயைவிடச் சிறிய பிராணி. ஓநாய்களை அமெரிக்கர்கள் கொன்று தீர்த்த பிறகு காலியான இடத்திலெல்லாம் குடியேறி, இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் வாழ்கிறது. பதினைந்து கிலோ எடைதான். ஆனால் குட்டி ஆட்டைத் தூக்க அது போதும். இரண்டு குட்டிகள் போன பிறகு நண்பர் வேட்டைக்காரர் ஆவதென்று முடிவெடுத்தார். "ஆயிரம் டாலருக்கு மேல ஒரு பைசா ஆகாதுங்க" என்றார். பேரம் பேசத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியில் என்னையும் கூட்டிப் போனார்.

முதல் செலவு துப்பாக்கிக்கு அல்ல, காகிதத்துக்கு. டெக்சாஸ் சட்டப்படி, ஆட்டைத் தாக்க வரும் கொயோட்டியைச் சுட வேட்டை லைசென்ஸே வேண்டாம். ஆனால் நண்பர் இருப்பது எச்-1பி விசாவில். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் ஒழிய, இந்த விசாக்காரர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது மத்திய அரசின் சட்டம். ஆக, பக்கத்துப் பண்ணைக்காரருக்குத் தேவைப்படாத லைசென்ஸ் இவருக்குக் கட்டாயம். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர் என்பதால் வேட்டைக் கல்வி வகுப்பு வேறு. கிரீன் கார்டு வரிசையில் வருஷக்கணக்காக நிற்கும் மனிதர், கேட்ட மாத்திரத்தில் அரசாங்கம் கொடுத்த அந்த லைசென்ஸைப் பூஜையறையில் வைத்துக் கும்பிட்டார்.

துப்பாக்கிக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர் ஒரு பெரியவர். விற்றாக வேண்டும் என்ற அவசரம் இல்லாத, அழிந்துவரும் இனத்தைச் சேர்ந்தவர். ".223 தோட்டா போடும் துப்பாக்கியாக எடுத்துக்கொள்ளுங்கள். வேறெதையும் யோசிக்காதீர்கள்" என்றார். 55 கிரெய்ன், அதாவது மூன்றரை கிராம் எடையுள்ள குண்டு. குழலைவிட்டுக் கிளம்பும்போது விநாடிக்கு ஒரு கிலோமீட்டரை நெருங்கும் வேகம். உதை குறைவு என்பதால் புதியவரின் தோள் தப்பிக்கும். ராணுவத்தின் 5.56 இதற்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. அதனால் தோட்டா எல்லா ஊரிலும், மற்றவற்றைவிட மலிவாகவும் கிடைக்கும். .22-250 இன்னும் வேகம்தான். ஆனால் தோட்டா விலையைப் பார்த்ததும் நண்பர் அதைப் பயபக்தியோடு திருப்பி வைத்துவிட்டார். சேவேஜ் ஆக்ஸிஸ், ரூகர் அமெரிக்கன் என்று புதியவர்களுக்கென்றே செய்த போல்ட் ரைஃபிள்கள் உண்டு. பிளாஸ்டிக் கட்டை, பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. குறி மட்டும் தப்பாது. கொயோட்டி கட்டையைப் பார்த்து மதிப்பெண் போடப்போவதில்லை.

"துப்பாக்கியில் மிச்சம் பிடியுங்கள், தொலைநோக்கியில் பிடிக்காதீர்கள்" என்றார் பெரியவர். மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு பெரிதாக்கும், 40 மில்லிமீட்டர் கண்ணாடி வைத்த சாதாரண ஸ்கோப் போதும். பக்கத்திலேயே இருட்டில் உடல் சூட்டைக் காட்டும் தெர்மல் ஸ்கோப் இருந்தது. விலைச்சீட்டைப் படித்ததும் எங்கள் இருவருக்கும் உடல் சூடு ஏறியது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் பட்ஜெட் தப்பித்திருக்கும். பெரியவர் சாப்பிடப் போனார். அவர் இடத்துக்கு ஒரு இளைஞன் வந்தான். இலை போட்ட சட்டை, இலை போட்ட தொப்பி, துப்பாக்கிக்குக்கூட இலை போட்ட உறை. நாய் இனத்தின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகத் தெரியும், சிவப்பும் பச்சையும் ஒரே மங்கல். அசையாமல் உட்கார்ந்தால் பழைய காக்கிச் சட்டையே தாராளம் என்பது என் கட்சி. "ஒரு கெத்து வேணுமில்லீங்க" என்றார் நண்பர். 1949-இல் சக் ஜோன்ஸ் ஆரம்பித்த ரோட் ரன்னர் கார்ட்டூனில், ஆக்மி கம்பெனிச் சாமான்களாக வாங்கி வாங்கி ஏமாறுவது கொயோட்டி. நிஜத்தில் அது நயா பைசா செலவழிப்பதில்லை. ஆக்மி வாடிக்கையாளர்கள் நாம்தான்.

அடுத்தது, கூப்பிடு கருவி. அடிபட்ட முயல் போலக் கதறினால் விருந்து என்று நினைத்துக் கொயோட்டி வரும், வித்தை அவ்வளவுதான். மார்பிள் ஃபால்ஸ் ஊரில் பர்ன்ஹாம் சகோதரர்கள் இதை ஒரு தொழிலாகவே வளர்த்தார்கள். வேகோ நகரின் ஜானி ஸ்டூவர்ட் இந்தக் கதறல்களை இசைத்தட்டாகவே போட்டு விற்றார். வாயால் ஊதும் கருவி இருபது டாலருக்குள் கிடைக்கிறது. மூடிய ரீட் என்றால் சும்மா ஊதினால் போதும். திறந்த ரீட் நாதஸ்வரச் சீவாளி மாதிரி. உதடு பழக வேண்டும். நண்பர் திறந்த ரீடை வாங்கி வந்து வீட்டில் சாதகம் செய்தார். மூன்றாம் நாள் அவர் மனைவியே ஸ்பீக்கரும் ரிமோட்டும் உள்ள மின்னணுக் கருவிக்குப் பணம் கொடுத்து அனுப்பினார்.

உண்மையில் அவசியமான சாமான்கள் கடையின் மூலையில் தூசி படிந்து கிடந்தன. முள்ளும் நெருப்பெறும்பும் உள்ள தரையில் கால் மணி, இருபது நிமிஷம் அசையாமல் உட்கார ஒரு மெத்தைத் துண்டு. குழலைத் தாங்க இரண்டு கால் குச்சி; அதை வீட்டிலேயே மூங்கிலில் கட்டலாம். காதுக்கு அடைப்பு. பிறகு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க மணமில்லாத பவுடர் டப்பா. கொயோட்டி நேராக வராது. சுற்றி வளைத்து, காற்று நம் வாசனையை எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போய் நின்று மோப்பம் பிடித்துவிட்டுத்தான் மேலே யோசிக்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நண்பர் காசைக் காத்தார்: ஊரிலிருந்து வந்த விபூதி. ஒரு சிட்டிகை எடுத்து அண்ணாந்து தூவினால் திசை துல்லியமாகத் தெரிந்தது. ஆனால் இலை போட்ட சட்டையைச் சமையலறை ஆணியில் மாட்டி வைத்திருந்ததால் பெருங்காய வாசனை நாலு ஏக்கருக்கு முன்னால் போனது தனிக் கதை.

கன்னி வேட்டை ஒரு சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் நடந்தது. வேலிக்கு அந்தப்புறம் பக்கத்துப் பண்ணையின் மரங்களில் ஊதா பெயின்ட் அடித்திருந்தது. டெக்சாஸில் அதற்கு 'உள்ளே வராதே' என்று சட்டப்படி பொருள். அதை மதித்து, தோட்டா அந்தப் பக்கம் போகாத திசையாகப் பார்த்து உட்கார்ந்தோம். ஸ்பீக்கரை முப்பது கெஜம் தள்ளி வைத்திருந்தார். ரிமோட்டில் முயல், மரங்கொத்தி, எலி என்று வரிசையாக ஒலிகள். நண்பர் யோசித்து, "நம்ம கிட்ட அது சாப்பிட்டதே ஆட்டுக்குட்டிதானுங்களே" என்று குட்டி ஆட்டின் அலறலை அழுத்தினார்.

பட்டி திறந்துகொண்டது. அவருடைய சொந்த ஆடுகள் அத்தனையும் கத்திக்கொண்டு ஓடிவந்து ஸ்பீக்கரைச் சூழ்ந்தன. தாய் ஆடு ஒன்று அதை நக்கிக் கொடுத்தது. கொயோட்டி எங்கிருந்தாவது பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருக்கும். நண்பர் தோட்டாவைக் கழற்றிப் பையில் போட்டார்.

மறுநாள் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு யோசனை சொன்னார்: கழுதை. நாய் இனத்தைக் கண்டாலே கழுதைக்கு ஆகாது. துரத்தித் துரத்தி உதைக்கும். ஒன்றுதான் வைக்க வேண்டும். இரண்டு வைத்தால் அவை தங்களுக்குள் சிநேகமாகி ஆட்டை மறந்துவிடும். பெட்டைக் கழுதை ஒன்று, தெர்மல் ஸ்கோப்பில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத விலையில் வந்து சேர்ந்தது. அதன் பிறகு குட்டி எதுவும் குறையவில்லை.

எனவே ஆஸ்டின் பக்கம் இருக்கும் வாசகர்கள் கவனிக்கவும். இலை போட்ட சட்டை, கால்சட்டை, தொப்பி ஒரு செட், ஒரே முறை போட்டது, லேசான பெருங்காய மணம். ரிமோட்டோடு கூடிய மின்னணுக் கருவி ஒன்று, ஆடு நக்கியது. திறந்த ரீட் ஊதல் ஒன்று, இலவசம். பாதி விலைக்குக் கிடைக்கும். கழுதை விற்பனைக்கு இல்லை.