சகலையும் பூநாரையும்

எனக்கு வேதாரண்யத்துக்கு மாற்றல் வந்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் வருத்தப்பட்டார்கள். பஸ்ஸில் போனால் இடுப்பு கழன்றுவிடும், உப்புக்காற்றில் ஃப்ரிட்ஜ் துருப்பிடிக்கும் என்று வரிசையாகப் போன் போட்டுத் துக்கம் விசாரித்தார்கள். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கோடியக்கரை, அங்கே மான் மேய்கிறது, மழை பிடித்தால் வெளிநாட்டுப் பறவையெல்லாம் வருகிறது என்ற தகவலை அவர்களுக்குச் சொன்னது என் மனைவி. அத்தோடு துக்கம் தீர்ந்து, பயணத் திட்டம் ஆரம்பமானது.

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்ததும் வடக்கேயிருந்து இரண்டு கூட்டம் கிளம்பும். ஒன்று, குஜராத்தின் கட்ச் பக்கமிருந்து வருவதாகச் சொல்லப்படும் பூநாரை. இன்னொன்று, வேளச்சேரியிலிருந்து வரும் என் சகலை குடும்பம். பூநாரை வந்த இடத்தில் தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கொள்ளும். குளிக்க வெந்நீர் கேட்காது. வைஃபை பாஸ்வேர்டும் கேட்காது.

சகலைக்கு விலங்குப் படம் எடுப்பதில் திடீர் மோகம். அவர் கேமராவில் மாட்டுகிற லென்ஸ் ஒரு முழம் நீளம். அதற்குத் தனியாக ஒரு பை, பைக்கு மழைக்கோட்டு. பைக்காகக் காரின் முன்சீட்டு ஒதுக்கப்பட்டதால், மாமியாரான என் அத்தை பின்சீட்டில் பிள்ளைகளுக்கு நடுவில் நசுங்கி வந்து இறங்குவார்.

முதல் நாள் நிகழ்ச்சி எப்போதும் பூநாரை. அகஸ்தியம்பள்ளியைத் தாண்டினால் ரோட்டுக்கு இருபுறமும் உப்பளம். இங்கே வண்டியை நிறுத்தியே ஆகவேண்டும். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியில் கிளம்பி நடந்தே வந்த ராஜாஜி, அந்த மாதம் 30ஆம் தேதி உப்பு அள்ளிக் கைதான இடம். நினைவுத்தூணைக் காட்டி நான் சரித்திரம் சொல்வேன். பிள்ளைகள் உப்பை நக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்பார்கள். சரித்திரம் அந்த அளவில் முடியும்.

அதற்கப்புறம் சதுப்பு. கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீரும் சேறும். அதன் கடைசியில், வானம் ஆரம்பிக்கிற இடத்தில், வெளிர் ரோஸில் ஒரு கோடு.

"அதுதான்" என்றேன்.

"எது?"

"அந்தக் கோடு."

சகலை லென்ஸை மாட்டினார், திருகினார், மூச்சைப் பிடித்துக்கொண்டு சுட்டார். பிறகு கேமராத் திரையைக் காட்டினார். கொஞ்சம் தடித்த கோடு.

இந்த இடத்தில்தான் என் பைனாகுலர் வெளியே வரும். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குப் பைனாகுலர் காட்டுவது ஒரு தனிக் கலை. "ஒண்ணுமே தெரியலியே மாப்பிள்ளை, ஒரே கறுப்பா இருக்கு" என்றார் அத்தை. மூடியைக் கழற்றினேன். "இப்ப வெள்ளையா இருக்கு." அவர் பார்த்துக்கொண்டிருந்தது மேகத்தை. தலையை மெல்ல இறக்கி, திருகைத் திருகி, ஒருவழியாகப் பறவை கிடைத்தது. அதன்பின் பைனாகுலர் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

"தலையைக் கவுத்துப்போட்டுல்ல திங்குது! கீழலகு மேல இருக்கு பாருங்க. வாயில சேத்துத்தண்ணிய வாங்கி வாங்கி வடிகட்டுது. ஏ அப்பா, கழுத்தா அது, தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுற ஹோஸ் பைப்பு! அது பக்கத்துல ஒண்ணு நரைச்சாப்ல நிக்குதே, கிழடா?"

"இல்லை அத்தை, அது குஞ்சு. சின்னதில் சாம்பல் நிறம்தான். தின்னுற பாசியிலயும் பொடி இறால் மாதிரி உயிரிலயும் இருக்கிற சத்துதான் போகப் போக அந்த ரோஸ் நிறத்தைக் கொடுக்கும்."

அத்தை பிறந்து வளர்ந்தது நாகப்பட்டினம். பைனாகுலரை இறக்கித் தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நானும் நெனவு தெரிஞ்ச நாளா கூனிப்பொடி திங்கிறேன்" என்றார். அதற்கு அறிவியலில் என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் காடு. கோடியக்காடு வழியாக உள்ளே போகும்போது சகலையின் பையன் தவறாமல் கேட்பது: "பெரியப்பா, காடு எப்ப வரும்?" அவன் பார்த்த காடெல்லாம் சினிமாவில். இது கடலோர உலர் பசுமைமாறாக் காடு. மரங்கள் குட்டையாகத்தான் இருக்கும், ஆனால் இலை உதிர்க்காது. உயரமாக இருந்த பாலை மரங்களில் பலவற்றை 2018 நவம்பரில் கஜா புயல் முறித்துப் போட்டுவிட்டது. மலையேற்றம் உண்டா என்றும் கேட்டான். காட்டிலேயே உசரமான இடம் ராமர் பாதம். அது ஒரு மணல்மேடு. ஏறினோம். செருப்பைக் கழற்றிவிட்டுச் சாமி கும்பிட்ட நேரம்தான் அதிகம்.

சரணாலயம் 1967இல் ஏற்பட்டதே வெளிமானுக்காக. வளர்ந்த ஆண் மான் முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, முறுக்கிவிட்ட கொம்பு. பருவத்தில் அது புல்வெளியில் ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரே இடத்தில் புழுக்கை குவித்து எல்லை போட்டுவிட்டு, வேறு ஆண் உள்ளே வராமல் நாளெல்லாம் நின்று காக்கும். பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது, புழுக்கை ஒன்றே ஆதாரம். எங்கள் பங்காளிகளுக்குள் நடக்கிற வழக்கைவிட எவ்வளவோ மேல்.

அப்படி நின்ற ஒன்றை அன்று தூரத்தில் பார்த்துவிட்டோம். சகலை குனிந்து, தவழ்ந்து, புல்லில் படுத்து, லென்ஸை நீட்டிய நேரம். குறுக்கே ஒரு மட்டக்குதிரை வந்து நின்றது. கோடியக்கரையில் இந்தக் குதிரைகள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. எந்தக் காலத்திலோ வீட்டுக்குதிரையாக இருந்து காட்டுக்குப் போனவற்றின் வாரிசுகள். மானுக்கு வேண்டிய புல்லில் இவையும் பங்குக்கு வருவதால் வனத்துறைக்கே இது தீராத தலைவலி. மனிதனைக் கண்டால் மான் ஓடும், குதிரை போஸ் கொடுக்கும். கடைசியில் வேளச்சேரி வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது குதிரைப் படம். குதிரையின் வயிற்றுக்குக் கீழே, கால்களுக்கு நடுவே, கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். விருந்தாளிகளிடம் அதைத் தொட்டுக் காட்டி "வெளிமான்" என்பார்.

2022இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்த பிறகு இன்னொரு தொல்லை சேர்ந்துகொண்டது. மனைவியின் சித்தப்பா மகள் வந்தாள். அவளுக்கு மானும் வேண்டாம், பறவையும் வேண்டாம், பூங்குழலி படகு விட்ட இடம் வேண்டும். குழகர் கோயிலைக் காட்டினேன், போதவில்லை. பழைய கலங்கரை விளக்கம் எங்கே என்றாள். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கட்டடம் 2004 சுனாமியில் போய்விட்டது. புதைசேறு எங்கே என்றாள். மழைக்காலத்தில் சதுப்பில் எங்கே இறங்கினாலும் அதுதான், ஆனால் ஆளை விழுங்காது, செருப்பை மட்டும் வாங்கிக்கொள்ளும் என்றேன். அவளுக்கு ஏமாற்றம்.

நாங்கள் போன சமயம் மீன் சீசன். ஐப்பசியிலிருந்து நாலைந்து மாதம் வெளியூர் மீனவர்கள் கோடியக்கரையில் வந்து கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். வலையில் சிக்கிய காலாவைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இவள் நேராகப் போய், "ஐயா, பூங்குழலி இருந்த இடம் எது?" என்று கேட்டாள்.

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது கல்யாணம் கட்டிக்கிட்டு தஞ்சாவூரு போயிருச்சும்மா."

கல்கியை முழுக்கப் படித்தவர்களுக்குத் தெரியும், தகவல் சரிதான்.

முத்துப்பேட்டைக்கு ஒருநாள் கூட்டிப் போனேன். கோரையாற்றில் படகு, இரு கரையிலும் அலையாத்தி, சேற்றிலிருந்து விரல்விரலாக நீட்டிக்கொண்டு நிற்கும் மூச்சுவேர்கள், ஆறு போய் விரிகிற காயல். அற்புதமான இடம். சகலை குடும்பம் முழுவதும் படகில் தூங்கிவிட்டதால் இதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

என்னைக் கேட்டால் தை அமாவாசைக்கு வருகிறவர்களே உத்தம விருந்தாளிகள். ஆதிசேது என்று கோடியக்கரைக் கடலில் முழுக்குப் போட வருகிறார்கள். கடல் எங்கேயும் ஓடிப்போகாது. லென்ஸ் வேண்டாம், பைனாகுலர் வேண்டாம். முங்கினோம், எழுந்தோம், புண்ணியம் உறுதி.

அப்படி முழுக்குக்கு வந்த அத்தை ஒரு வருஷம் பங்குனி வரை தங்கிவிட்டார். அது ஆமைக்காலம். தையிலிருந்து பங்குனி வரை இரவில் பங்குனி ஆமை கரையேறி, மணலில் குழி தோண்டி நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுப் போகும். நரியும் நாயும் தோண்டுவதற்குள் வனத்துறையினர் எடுத்துவந்து பொரிப்பகத்தில் புதைத்து வைப்பார்கள். நாற்பத்தைந்து நாளிலிருந்து அறுபது நாளுக்குள் குஞ்சு வெளியே வரும். விடியற்காலையில் கூடையிலிருந்து விட்டார்கள். பிஸ்கட் அளவுதான் இருக்கும் ஒவ்வொன்றும், துடுப்புக் கையால் மணலைத் தள்ளித் தள்ளிப் போகிறது, அலை வந்து புரட்டி மறுபடி கரையில் போடுகிறது, அது கோபித்துக்கொள்ளாமல் மறுபடி முதலிலிருந்து கிளம்புகிறது.

"இதுல ஆம்பளை எது, பொம்பளை எது?" என்றார் அத்தை.

"பார்த்துச் சொல்ல முடியாது அத்தை. மணல் சூடு கூடினால் பெண், குறைஞ்சால் ஆண்."

அத்தை சூரியனைப் பார்த்தார். காலை ஏழு மணிக்கே நெற்றியில் வேர்வை. "அப்ப இந்தப் புள்ளைங்களுக்கெல்லாம் மாப்பிள்ளை தேடுறது கஷ்டம்" என்றார். விஞ்ஞானிகளும் இதையேதான் கவலையோடு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

சித்திரையில் எல்லோரும் போய்விடுவார்கள். பூநாரையும் பெரும்பாலும் போய்விடும். ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு கடலுக்குப் போகாது, நல்ல மீன் அகப்படாது, ஆகவே சகலையும் அகப்பட மாட்டார். அனல் காற்றடிக்கும். அந்த நாட்களில்தான் கடைத்தெருவில் பாலைப்பழம் வரும். மஞ்சளாக, வேப்பம்பழம் போல இருக்கும், தேனாக இனிக்கும். பத்துப் பழம் தின்றால் பால் பிசின் உதட்டில் ஏறி இரண்டு உதடும் ஒட்டிக்கொள்ளும். மனைவியும் நானும் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசமுடியாமல், கூடை கூடையாகத் தின்போம். எங்கள் இல்லறத்தில் சண்டையே இல்லாத மாதம் அது.

போன வருஷம் தங்கை ஞாபகம் வந்து மனைவி கண் கலங்கினாள் என்பதால், ஒரு டப்பாவில் போட்டுச் சென்னை பஸ்ஸில் அனுப்பிவைத்தேன். மறுநாள் ராத்திரி சகலையிடமிருந்து போன். உதடு ஒட்டியிருந்ததால் முதலில் யாரென்றே விளங்கவில்லை.

"பிரமாதம் சகலை! இவ்வளவு நாளா சொல்லவே இல்லையே! மரத்துலயே பழுத்திருக்கிறப்ப படம் எடுத்தா எப்படி இருக்கும்! இது எந்த சீசன்?"

நான் எச்சிலைத் தொட்டு உதட்டைப் பிரிப்பதற்குள், மனைவி போனை வாங்கிவிட்டாள்.

"பசங்களுக்குக் கோடை லீவு விடுறப்பதான் அத்தான்" என்றாள். "ஒரு மாசம் இருக்கிற மாதிரி வாங்களேன்."