அலுவலக நேரத்தில் விழும் நீர்வீழ்ச்சி

இலங்கையில் நேரம் தவறாமல் வேலைக்கு வரும் அரச ஊழியர் ஒருவரையாவது காட்டு என்று யாராவது கேட்டால், கண்டியில் ரயிலேறித் தலவாக்கலைக்குப் போகச் சொல்லுங்கள். அங்கே சென் கிளயர் என்றொரு நீர்வீழ்ச்சி இருக்கிறது. விடிந்தால் விழத் தொடங்கும், பொழுது சாய்ந்தால் நின்றுவிடும். நாளொன்றுக்கு 10 மணி 45 நிமிடம் வேலை. மேலதிக நேரக் கொடுப்பனவு கேட்பதில்லை. சுகயீன விடுமுறைப் போராட்டம் நடத்துவதில்லை. தொழிற்சங்கச் சந்தாவும் வெட்டப்படுவதில்லை.

இந்த வேலை நேரத்தை வகுத்தது இயற்கை அல்ல, மேல் கொத்மலை நீர்மின் திட்டம். கொத்மலை ஓயாவைத் தலவாக்கலையில் மறித்து, மலையின் வயிற்றுக்குள் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, நிலத்தடி மின்நிலையம் ஒன்றில் 150 மெகாவாட் எடுக்கிறார்கள். அருவி செத்துப்போகும் என்று ஊர் கூச்சலிட்டது. பெரிய மனது பண்ணி ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். ஆண்டுக்கு 4 கோடி 70 லட்சம் கன மீட்டர் தண்ணீர் அருவிக்கு. அதுவும் பகலில் மட்டும். நியாயம்தானே? படம் பிடிக்க வருகிறவர் பகலில்தான் வருகிறார். ராத்திரியில் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகிய லயத்துச் சனங்கள் சுற்றுலா வருமானக் கணக்கில் எந்த நிரலிலும் வருவதில்லை.

பணம் ஜப்பானுடையது. 2002இல் ஒப்பமிட்ட கடன் ஏறத்தாழ 3,300 கோடி யென். அணையும் சுரங்கமும் மயேதா கம்பனி, இயந்திரங்கள் மிட்சுபிஷி, ஆலோசனையில் நிப்பொன் கோயெய். அதாவது யென் டோக்கியோவில் புறப்பட்டது, தலவாக்கலையில் கொஞ்சம் மழை நனைந்தது, பிறகு பத்திரமாக டோக்கியோ திரும்பிவிட்டது. இங்கே தங்கியது கடன் மட்டும். 2012 ஜூலையில் திறப்பு விழா நடந்தது. அதற்கு முன்னர் மலையகக் கட்சிகள் எதிர்த்தன, பிறகு எதிர்க்காமல் இருந்தன. இந்த இரண்டுக்கும் இடையில் அமைச்சுப் பதவிகளின் வரலாறு ஒன்று உண்டு. அதை எழுதத் தனிக் கட்டுரை வேண்டும், இங்கே விடுவோம்.

மேல் கொத்மலை தனிப்பிள்ளை அல்ல. கண்டியைச் சுற்றி ஒரு குட்டி ஐக்கிய நாடுகள் சபையே தண்ணீரில் நிற்கிறது. விக்டோரியா பிரித்தானியாவின் கொடை. கொத்மலை சுவீடனுடையது. ரந்தெனிகல மேற்கு ஜெர்மனியுடையது. ஊவாப் பக்கம் போனால் உமா ஓயா ஈரானுடையது. அதன் சுரங்கம் ஒழுகி பண்டாரவளையில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. ஆனாலும் 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதியே வந்து நாடா வெட்டினார். வெள்ளைக்காரன், ஜப்பான்காரன், ஈரான்காரன் எல்லோரும் எங்கள் மலைக்கு வந்து ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள்: ஆற்றைக் கட்டினார்கள், ஊரை எழுப்பினார்கள், பெயர்ப்பலகை நட்டார்கள், போய்விட்டார்கள்.

விக்டோரியாவைப் பாருங்கள். 122 மீட்டர் உயரத்தில் வளைந்து நிற்கிறது, 210 மெகாவாட். 1985இல் திறந்தபோது மார்கரட் தட்சர் வந்து போனார். பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போனது. அங்கே கடை வைத்திருந்தவரும் வயல் வைத்திருந்தவரும் மகாவலி 'சி' வலயத்துக் காட்டுக்கு ஏற்றப்பட்டார்கள். இன்று அதே நீர்த்தேக்கத்தின் கரையில் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. ஆற்றோரத்தில் நெல் விதைத்தவனுக்கு இடமில்லை என்று சொன்ன அதே கரையில், சின்ன வெள்ளைப் பந்து ஒன்றுக்குப் பதினெட்டுக் குழி ஒதுக்கி வைத்திருக்கிறோம். அணைக்கு இங்கிலாந்து ராணி ஒருத்தியின் பெயர். மூழ்கிய வயல்களின் பெயர்களைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். மஸ்கெலியாவிலும் இதே கதைதான். மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும் ஆண்டுகளில் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து எழுந்து நிற்கும். இந்த நாட்டில் மூன்று மதங்களும் சண்டையில்லாமல் ஒன்றாக இருக்கும் இடம் அது ஒன்றுதான். தண்ணீருக்கு அடியில்.

மேல் கொத்மலைக்காக எழுப்பப்பட்டவை 495 குடும்பங்கள். பெரும்பாலும் தோட்டத் தமிழர். அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த வீடுகள் ஒரு சங்கடமான கேள்வியைக் கிளப்பிவிட்டன. லயத்தை விட்டு வெளியேற வேண்டுமானால் காலடியில் அணை கட்ட வேண்டுமா? நூற்றைம்பது வருசமாகக் கொழுந்து பறித்தது போதாதா? அப்படியானால் கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் புஸ்ஸல்லாவைக்கும் ஆளுக்கொரு அணை கட்டித் தரும்படி ஜப்பான் தூதரகத்துக்கு மனுப் போடுவதே குறுக்குவழி. வீட்டுத் திட்டத்துக்குக் காத்திருப்பதை விட வேகமாக நடக்கும்.

ஏனென்றால் அந்தத் தோட்டங்களின் லயங்களில் இன்னும் கதை வேறு. காம்பரா உன்னுடையது அல்ல, நிலமும் உன்னுடையது அல்ல. ஆகவே கரண்ட் எடுக்கத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். கடிதம் கிடைக்காதவன் பக்கத்துக் காம்பராவிலிருந்து கம்பி இழுக்கிறான். ஒரு பழைய கம்பியில் நாலு வீடு தொங்குகிறது. ஒருநாள் ராத்திரி லயம் முழுக்க எரிகிறது. மறுநாள் பத்திரிகையில் அச்சுக் கோர்த்து வைத்ததுபோல ஒரே வரி: மின்னொழுக்கே காரணம் எனச் சந்தேகிக்கப்படுகிறது. அமைச்சர் பார்வையிடுகிறார், அரிசிப்பொதி கொடுக்கிறார், பாடசாலை மண்டபத்தில் தங்க வைக்கிறார். மகாவலியும் அதன் கிளை ஆறுகளும் பிறக்கும் மலையில், மின்சாரம் மனிதரிடம் வந்து சேரும் வழி இதுதான்.

இனி விலைப்பட்டியலுக்கு வருவோம். மாதம் 30 அலகு மட்டும் பாவிக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மின்குமிழ், ஒரு தொலைக்காட்சி, பிள்ளை படிக்க ஒரு வெளிச்சம். 2022 ஆகஸ்ட் வரை அலகுக்கு 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபா. மொத்தம் 105 ரூபா. ஆகஸ்டில் அலகு 8 ரூபா, நிலையான கட்டணம் 120. மொத்தம் 360. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,300 ரூபா. ஆறே மாதத்தில் 105 எங்கே, 1,300 எங்கே! அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. மழையில் நனைந்து, அட்டை கடித்து, கிலோக் கணக்கு நிரப்பி ஒரு முழு நாள் உழைத்தாலும் 30 அலகு கரண்டுக்குக் காசு காணாது. பிறகு குறைத்தார்கள், உண்மை. கழுத்திலிருந்து காலை எடுத்ததற்கு நன்றி சொல்லச் சொல்கிறார்கள்.

செலவைப் பிரதிபலிக்கும் கட்டணம் என்று இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். யாருடைய செலவு? மேலேயிருந்து விழும் தண்ணீருக்கு மின்சார சபை யாருக்கும் விலை கொடுப்பதில்லை. மேகம் பட்டியல் அனுப்புவதில்லை. செலவு வந்தது எங்கிருந்து? நுரைச்சோலையில் சீனக் கடனில் கட்டிய 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்திலிருந்து. அடிக்கடி இயந்திரம் பழுதாகிப் படுத்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் நாடு இருட்டில் விசாரிக்கப் போகும். செலவு வந்தது கெரவலப்பிட்டியிலிருந்து. இயற்கை வாயுவில் ஓடலாம் என்று சொல்லி 2010இல் கட்டி முடித்தார்கள். வாயு மட்டும் வரவில்லை, எண்ணெயை ஊற்றியே ஓட்டினார்கள். 2021 செப்டம்பரில் ஒரு நடுச்சாமத்தில் அமெரிக்கக் கம்பனியுடன் ஒப்பமிட்டார்கள். அமைச்சர்களே நீதிமன்றப் படியேறினார்கள், அதற்கப்புறமும் வாயு வரவில்லை. நடுச்சாமத்தில் ஒப்பமிட அறையில் விளக்கு எரிந்ததே, அந்த மின்சாரம் எங்கள் மலையிலிருந்து போனதாக இருக்கலாம்.

2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு. டீசல் வாங்க டொலர் இல்லை. நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் இல்லை, மழைக்குக் காத்திருங்கள் என்றார்கள். 1918இலேயே நீர்மின்சாரத்தைப் பற்றிக் கணக்குப் போட்டுக் காட்டிய எந்திரி விமலசுரேந்திர இந்த மண்ணில்தான் பிறந்தார். 1924இல் தொடங்கிய லக்சபானத் திட்டம் 1950இல்தான் முடிந்தது. அந்த வேகத்தைத்தான் இன்றுவரை நாங்கள் பாரம்பரியம் என்று காப்பாற்றி வருகிறோம்.

பிறகு வந்தது 2025 பெப்ரவரி 9. ஞாயிறு முற்பகல் நாடு முழுவதும் இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டுவிட்டது என்றார் அமைச்சர். உலகம் சிரித்தது. கண்டிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே உடவத்தை காட்டிலிருந்து குரங்குகள் தினமும் கம்பி வழியாகத்தான் கடைத்தெருவுக்கு வருகின்றன. ஒரு குரங்கு தொட்டால் இரண்டு கோடிப் பேர் இருளும்படி மின்கட்டமைப்பை வைத்திருந்தவர் யார் என்ற கேள்வி மட்டும் எங்களுக்கு எழுந்தது. அன்று வெயில் நன்றாகக் காய்ந்ததும், கூரைச் சூரியத் தகடுகள் நிறைய மின்சாரம் தந்ததும், விடுமுறை நாளில் தேவை குறைந்ததும் சேர்ந்து கட்டமைப்பு தள்ளாடிக்கொண்டிருந்தது என்ற விளக்கம் குரங்குக்குப் பின்னால் மெதுவாக நடந்து வந்தது. இரண்டு மாதம் கழித்துப் புத்தாண்டு விடுமுறையில், பிற்பகல் 3 மணி வரை சூரியத் தகடுகளை நிறுத்தி வையுங்கள் என்று மக்களிடம் மின்சார சபையே கேட்டுக்கொண்டது. மழை பெய்யாவிட்டால் மின்வெட்டு, வெயில் அடித்தாலும் மின்வெட்டு. இன்னும் பழி போடாமல் மிச்சம் இருப்பது பனி மட்டும். அதற்கு நுவரெலியா தயார்.

ஜப்பானைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நமது நிபுணர்கள் அடிக்கடி சொல்வார்கள். நல்லது, பார்ப்போம். அங்கே பிரதேசத்துக்கு ஒன்றாகப் பத்து மின்சாரக் கம்பனிகள். எங்களைப் போலவே மலையும் ஆறும் உள்ள பிரதேசம் ஹொகுரிக்கு. அதன் மின்சாரக் கம்பனிக்கு ஷிகா என்ற இடத்தில் அணுமின் நிலையம் உண்டு. 1999 ஜூனில் கட்டுப்பாட்டுத் தண்டுகள் நழுவி உலை தானாகவே இயங்கத் தொடங்கியது. கம்பனி அதை 2007 வரை வெளியே விடவில்லை. எட்டு வருசம் மூச்சு விடாமல் இருந்தார்கள். எங்கள் ஆட்கள் சில மணி நேரத்திலேயே ஒரு குரங்கைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பொய் சொல்லும் வேகத்தில் நாம்தான் முன்னேறிய நாடு. கன்சாய் மின்சாரக் கம்பனி மேலதிகாரிகள், அணுமின் நிலையம் இருக்கும் ஊரின் முன்னாள் துணை மேயரிடமிருந்து கோடிக்கணக்கான யென் பெறுமதியான அன்பளிப்புகளை வாங்கிக்கொண்டது 2019இல் அம்பலமானது. ஆகவே அங்கேயும் புத்தர்கள் இல்லை.

ஆனால் அங்கே ஒன்று இருக்கிறது. 1974இல் ஜப்பான் மூன்று சட்டங்களை நிறைவேற்றியது. மின்சாரத்தின்மீது விதிக்கும் வரியிலிருந்து, மின்நிலையம் அமையும் ஊர்களுக்குப் பணம் போக வேண்டும். பாடசாலை, வீதி, வைத்தியசாலை எல்லாம் அதிலிருந்து. இது ஊரின் வாயை அடைக்கும் லஞ்சம் என்று அங்குள்ள விமர்சகர்கள் கோபப்படுகிறார்கள். கோபப்படட்டும். எங்களுக்கு அந்த லஞ்சமும் இல்லை. கடனைக் கொண்டுவந்தார்கள், சுழலியைக் கொண்டுவந்தார்கள், எந்திரிமாரைக் கொண்டுவந்தார்கள், அந்தச் சட்டத்தை மட்டும் டோக்கியோவில் வைத்துவிட்டு வந்தார்கள். எங்கள் அமைச்சர்களும் அதைக் கேட்கவில்லை. கேட்க வேறு விஷயங்கள் இருந்திருக்கும். பக்கத்தில் இந்தியாவில்கூட, நீர்மின் திட்டம் அமையும் மாநிலத்துக்கு 12 சதவீத மின்சாரம் இலவசம். இடம்பெயர்ந்த குடும்பத்துக்குப் பத்து ஆண்டுகள் மாதம் 100 அலகு என்று 2008ஆம் ஆண்டின் நீர்மின் கொள்கை எழுதி வைத்திருக்கிறது. எழுதியபடி நடக்கிறதா என்பது வேறு சண்டை. சண்டை போட அங்கே ஒரு காகிதமாவது இருக்கிறது.

மின்சார சபையைக் கம்பனிகளாகப் பிரிக்க 2024இல் சட்டம் போட்டார்கள், 2025இல் அதைத் திருத்தினார்கள். திருத்தத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு முறை திருத்துவது கஷ்டமல்ல. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போயிருக்கும் உறுப்பினர்களே, கட்சி எதுவாக இருந்தாலும் சரி, ஒரு வரி கேட்கிறோம். அணையோ சுரங்கமோ மின்நிலையமோ உள்ள பிரதேச செயலகப் பிரிவில் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், காணி உறுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தோட்ட நிர்வாகத்தின் கடிதம் இல்லாமலே மின்னிணைப்பு. மாதம் முதல் 30 அலகு கட்டணமின்றி. இந்த வரியைச் சட்டத்தில் எழுதிவிட்டு, அடுத்த திறப்பு விழாவுக்கு எங்கள் ஊருக்கு வாருங்கள்.