பூசத்தில் பிறந்த பிள்ளைக்கு ஒரு பெயர்

அக்கா மகன் பெங்களூரிலிருந்து போன் பண்ணினான். ஆண் குழந்தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. "மாமா, பிள்ளைக்குப் பூச நட்சத்திரம். ஹு, ஹே, ஹோ, டா, இந்த நாலுல ஒரு எழுத்துலதான் ஆரம்பிக்கணுமாம். கூப்பிடச் சின்னதா இருக்கணும், வேற யாருக்கும் இருக்கக்கூடாது, அர்த்தமும் நல்லா இருக்கணும். ஒண்ணு சொல்லுங்க" என்றான்.

பூசம் முருகனுக்கு உகந்த நட்சத்திரம். தைப்பூசத்தன்று காவடி எடுக்காத முருகன் கோயில் உண்டா? தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியிலேயே இலஞ்சி இருக்கிறது. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய குமாரர் அங்கே நிற்கிறார். பண்பொழியில் மலைமேல் திருமலைக் குமாரசாமி. மருமகனின் அம்மா வழியில் மூன்று தலைமுறையாகக் கும்பிட்ட சாமிகள் இவர்கள். "இலஞ்சிக்குமாரன்னு வையேன் மருமவனே" என்றேன். "இ வராது மாமா, அது கார்த்திகை நட்சத்திரத்துக்கு உள்ளது" என்றான். பஞ்சாங்கப்படி அவன் சொன்னது சரிதான். முருகனின் நட்சத்திரத்தில் பிறந்தவனுக்கு முருகன் பெயர் வைக்க ஒரு எழுத்து குறுக்கே நிற்கிறது. ஹ வடமொழி ஒலிக்காக நாம் வாங்கி வைத்துக்கொண்ட எழுத்து. ட எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பது தொல்காப்பியர் காலத்து விதி. பூசத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் பெயர் வைக்க அந்தப் பட்டியலில் வழியே இல்லை.

நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் தென்காசியில் காசிவிசுவநாதர் கோயில் ராஜகோபுரம் இடிந்து மொட்டையாக நின்றது. அதைக் கட்டி முடித்துக் குடமுழுக்கு நடந்தது 1990-ல். பள்ளிக்கூட நாட்களில் வகுப்பில் வாத்தியார் வாசித்த பெயர்கள் இன்னும் காதில் இருக்கின்றன. காசிவிசுவநாதன், குற்றாலிங்கம், இலஞ்சிக்குமார், சங்கரநாராயணன், கோமதிநாயகம், சுடலைமுத்து, இசக்கிமுத்து, முகைதீன். வெளியூர்க்காரன் ஒருவன் அந்தப் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வட்டாரத்துக் கோயில், தர்கா எல்லாவற்றுக்கும் போய் வந்துவிடலாம். கோமதிநாயகத்தின் அம்மா ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போய் நேர்ந்துகொண்டு அவனைப் பெற்றாள். முகைதீன் வீட்டில் பொட்டல்புதூருக்கு நேர்ச்சை. ஒரு குற்றாலிங்கத்தைக் கூப்பிட்டால் மூன்று பேர் எழுந்திருப்பார்கள். மலையடிக்காரன், செக்கடிக்காரன், நெட்டை என்று வாத்தியார் பிரித்துக்கொள்வார். பெயருக்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டதில்லை. யார் கொடுத்த பிள்ளை என்பது தெருவுக்கே தெரியும்.

எங்கள் வகுப்பில் ஒரு மூக்கையாவும் இருந்தான். அவனுக்கு மூக்கில் துளை உண்டு. பையன்கள் கேலி செய்வதைக் கேட்டுவிட்டு ஆச்சி என்னை உட்கார வைத்துச் சொன்னாள்: "எய்யா, அவனுக்கு முந்திப் பெறந்தது ஒண்ணுமே தங்கலை. இதையாவது விட்டுவைக்கட்டும்னு மூக்கைக் குத்தி அந்தப் பேரை விட்டா அவன் அம்மா." பிச்சை, குப்பாண்டி, தவிட்டான் என்ற பெயர்களெல்லாம் அப்படி வந்தவைதான். பிறந்ததைக் குப்பையில் கிடத்தி, இன்னொருத்தி தவிட்டைக் கொடுத்து வாங்கியதாகப் பேர் பண்ணுவார்கள். எமனுக்கு வேண்டாத பிள்ளை என்று காட்டுவதற்கு. தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் வந்த பிறகு அந்தப் பெயர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவை மறைந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு தாய் தன் பயம் முழுவதையும் ஒரு பெயருக்குள் வைத்தாள் என்பதை நான் மறக்க மாட்டேன். இன்றைக்குக் கைபேசியில் கிடைக்கிற எந்த அர்த்தத்துக்கும் அந்தக் கனம் கிடையாது.

தலைமகனுக்குத் தாத்தா பெயர் என்பது அன்று எழுதாத சட்டம். அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. புருஷன் பெயரை ஆச்சி வாயால் சொல்ல மாட்டாள். மாமனார் பெயரை அம்மாவும் சொல்ல மாட்டாள். அந்தப் பெயரையே பேரனுக்கு விட்டால் அவனை எப்படிக் கூப்பிடுவது? ராசா, துரை, தம்பி என்று ஒரு பெயர் வீட்டுக்குள் வளரும். காதைத் தொடவைத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் அன்றுதான் முழுப்பெயர் வெளியே வரும். பாதிப் பேருக்குத் தங்கள் சொந்தப் பெயரே அன்றைக்குத்தான் தெரியும்.

பெயர் மாறுவது ஒன்றும் இந்தக் காலத்து நோய் இல்லை. 1916-ல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியது. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். பின்னால் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அந்த அலை எங்கள் தெருவுக்கும் வந்தது. வாத்தியார் வீடுகளில் இளங்கோவும் பாரியும் செழியனும் பிறந்தார்கள். அந்த வீடுகளில் தாத்தாக்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் அப்பா அரைமணி நேரம் பேசுவார். அதனால் அந்தப் பெயர்களை நான் மதிக்கிறேன்.

இப்போது அந்த அரைமணி நேரப் பேச்சு இல்லை. ருத்விக் என்று வைக்கிறார்கள். வேள்வி நடத்தும் புரோகிதரின் பதவிப் பெயர் அது என்று சொன்னால், வைத்தவர்களே திகைக்கிறார்கள். ரியான் என்று வைக்கிறார்கள். அயர்லாந்தில் அது குடும்பப் பெயர். அதே ஒலிக்கு நெருங்கிய அரபிச் சொல், நோன்பாளிகளுக்குத் திறக்கும் சொர்க்க வாசலின் பெயர். முஸ்லிம் வீட்டில் காரணத்தோடு வைக்கிறார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் 'ஸ்டைலா இருக்கு' என்பதற்கு மேல் பதில் வரவில்லை. வேறு யாருக்கும் இருக்கக்கூடாது என்று எல்லாரும் ஒரே பட்டியலில் தேடியதால், அங்கன்வாடியில் ஒரு பெயரைக் கூப்பிட்டால் மறுபடியும் மூன்று பேர் திரும்புகிறார்கள். இவர்களைப் பிரித்துச் சொல்ல மலையடியும் இல்லை, செக்கடியும் இல்லை.

வெளியிலிருந்து பெயர் வாங்குவது தப்பு என்று நான் சொன்னால் தென்காசியே சிரிக்கும். இந்த ஊரே வாங்கிய பெயரில் இருக்கிறது. வடக்கே கங்கைக்கரைக் காசியின் பெயர் அது. ஆனால் 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் பெயரை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகவில்லை. அந்தப் பெயருக்குத் தக்கதாக விசுவநாதருக்கு ஒரு கோயிலை எழுப்பினான். குற்றாலக் குறவஞ்சி பாடிய மேலகரத்துக் கவிராயர் குற்றால மலையான திரிகூடத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னாலேயே வைத்திருந்தார், திரிகூடராசப்பர் என்று. எங்கிருந்து எடுத்தாலும் சரி, எடுத்ததற்கு ஒரு காரணமும் அதைத் தாங்க ஒரு இடமும் வேண்டும்.

மருமகனிடம் இதைச் சொன்னேன். அவசரப்படாதே என்றும் சொன்னேன். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆனால் பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். எழுதுகிற பெயர் கடைசிவரை கூடவே வரும்.

பிள்ளை பிறந்த வீட்டார் எல்லாரிடமும் நான் கேட்பது இதுதான். அந்தப் பன்னிரண்டு மாதத்தில் ஒரு நாள் உங்கள் வீட்டு ஆச்சியிடம் உட்காருங்கள். குடும்பத்தில் இதுவரை இருந்த ஆண்பிள்ளைகளின் பெயர்களையும், ஒவ்வொன்றும் ஏன் வைக்கப்பட்டது என்பதையும் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எந்தப் பெயர் வேண்டுமானாலும் வையுங்கள்.