செங்கல் ரெண்டு

புளியந்தோப்புச் சந்தில் கால்பந்து ஆட மூன்று விதிகள். ஆட்டோ வந்தால் கோல் போஸ்ட்டை எடுத்துவிட வேண்டும். கோல் போஸ்ட் என்பது ரெண்டு செங்கல். பந்து சாக்கடையில் விழுந்தால் உதைத்தவனே கையை விட்டு எடுக்க வேண்டும். ஆயாவின் தண்ணிக் குடத்தில் பட்டால் மேட்ச் முடிந்தது, பந்து ஆயாவுக்கு.

இந்தச் சந்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் 60 ஏக்கருக்கு மேல் ஒரு நிலம் கிடந்தது. பி அண்ட் சி மில். காக்கித் துணிக்குப் பேர்போன ஆலை. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்த ஆலைத் தொழிலாளர்களால்தான். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. பக்கபலம். 1921 போராட்டத்தில் கூலி உயர்வு கேட்டவர்களுக்குத் துப்பாக்கிக் குண்டு கிடைத்தது. குண்டு மட்டும் இலவசம். 1996-இல் சங்கு ஊதுவது நின்றது. நிலம் கை மாறியது, அடுக்குமாடி எழுந்தது.

முழு அளவு கால்பந்து மைதானத்துக்கு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ரெண்டு ஏக்கர்கூட ஆகாது. அறுபதில் ரெண்டு போனால் ஐம்பத்தெட்டு. அங்கே வானம் வரை கட்டிக்கொள்ளட்டும், யார் கேட்டது? ஆனால் அந்த ரெண்டைக் கேட்டுப் பாருங்கள். "சதுர அடி என்ன விலை தெரியுமா?" என்பார்கள். தெரியும் சாமி. மூன்று தலைமுறை அங்கே பஞ்சுத் தூசியைத் தின்று இருமிய விலைதான் யாருக்கும் தெரியவில்லை.

மேடை ஏறினால் மட்டும், கால்பந்துக்குப் பேர்போன பக்கத்து வியாசர்பாடி 'குட்டி பிரேசில்'. சால்வை, கைத்தட்டல், போட்டோ. அந்தக் குட்டி பிரேசிலைத்தான் 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மன்றம் கல்லாப்பெட்டியாகப் பார்த்தது. நகரில் செயற்கைப் புல் போட்ட 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம். சபாஷ்! இருபத்திரண்டு பேர் ஒரு மணி நேரம் ஓடினால் 2,640 ரூபாய். முழு மேட்ச் 3,960. கூடுதல் நேரம் போனால் அப்பனின் ஆட்டோவை அடகு வைக்கலாம். கோல்கீப்பர் பாதி நேரம் சும்மாதானே நிற்கிறான், அவனுக்காவது தள்ளுபடி உண்டா என்று எந்தக் கவுன்சிலரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஊரே கொதித்த பிறகு தீர்மானத்தைச் சுருட்டிக்கொண்டார்கள். உடனே அதற்கும் நன்றி சொல்ல வேண்டுமாம்! பர்சை எடுத்தவன் மாட்டிக்கொண்டதும் திருப்பிக் கொடுத்தால் மாலை போடுவது எந்த ஊர் வழக்கம்?

நேற்றுச் சாயங்காலம் அதே சந்தில் மேட்ச். ஒருத்தன் வலது காலில் மட்டும் பூட்ஸ். இடது அவன் தம்பி காலில். கோல் செங்கல் ரெண்டும் பழைய தடிச் செங்கல், ஓரம் கரிந்துபோனது. எங்கேயிருந்து எடுத்தீர்கள் என்றேன். "மில்லு செவுரு இடிச்சப்போ தாத்தா தூக்கினு வந்தாராம் சார்" என்றான் கீப்பர்.

அதற்குள் ஹாரன். ரெண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான்.